முதலும் கடைசியுமான ஆளுநர்

தைவான் அரசியலைக் கொஞ்சமாவது கவனிக்கிறவர்களிடம் ஜேம்ஸ் சூங் பெயரை எடுத்தால் முதலில் வருவது சிரிப்புதான். "மறுபடியும் நிற்கிறாரா?" என்பார்கள். 2000ல் அதிபர் தேர்தலில் தோற்றார். 2004ல் துணை அதிபர் வேட்பாளராக நின்று தோற்றார். 2006ல் தைபெய் மேயர் பதவிக்கு நின்று 4 சதவீத வாக்கு வாங்கினார். அன்றிரவே அரசியலை விட்டு விலகுவதாக அறிவித்தார். விலகவில்லை. மறுபடி அதிபர் தேர்தல்: 2012ல் 2.77 சதவீதம், 2016ல் 12.84, 2020ல் 4.26. கடைசியாக நின்றபோது வயது 77. தைச்சுங்கில் ஆராய்ச்சி வேலையில் இருந்த காலத்தில் என் அறைத்தோழராக இருந்தவர், அவரும் நம்மூர்க்காரர்தான், சூங்கை 'டெபாசிட் தாத்தா' என்றே குறிப்பிடுவார். அங்கேயும் டெபாசிட் உண்டு, அதிபர் தேர்தலுக்கு ஒன்றரைக் கோடி தைவான் டாலர். 2012லும் 2020லும் தாத்தா அதைப் பறிகொடுத்தார்.

எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவருடைய பழைய கதையைப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. இந்த மனிதர் வாழ்க்கையில் தனியாக நின்று ஒரே ஒரு பெரிய தேர்தலில் ஜெயித்திருக்கிறார். 1994 டிசம்பர் 3, தைவான் மாகாண ஆளுநர் தேர்தல். 47 லட்சத்துக்கும் மேல் வாக்குகள், 56 சதவீதம். ஆளுநர் என்றதும் மேலிடம் நியமித்து அனுப்புகிற அலங்காரப் பதவி என்று எண்ண வேண்டாம். நாட்டு மக்களில் ஐந்தில் நான்கு பேர் வாழும் பகுதிக்கு, மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்த நிர்வாகத் தலைவர். அந்தப் பதவிக்கு நடந்த முதல் தேர்தல் அது. கடைசித் தேர்தலும் அதுவே. அடுத்த தேர்தல் வருவதற்குள் பதவியையே எடுத்துவிட்டார்கள். எதிராளியைத் தோற்கடிப்பதைப் பார்த்திருக்கிறோம். ஒருவர் ஜெயித்த நாற்காலியையே அரசியல் சட்டத்தைத் திருத்தி அப்புறப்படுத்துவது கொஞ்சம் அபூர்வம். அதைச் செய்தது சரியா என்று கேட்டால் இன்றைக்கும் என்னிடம் ஒரே பதிலாக வருவதில்லை.

பிரம்பு பிடித்த காலம்

சூங் அப்பாவி இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஹுனான் மாகாணத்தில் 1942ல் ஒரு ராணுவ அதிகாரியின் மகனாகப் பிறந்தவர். சீனாவை ஆண்ட கோமிண்டாங் கட்சி 1949ல் கம்யூனிஸ்டுகளிடம் தோற்றுத் தீவுக்கு ஓடிவந்தபோது கூடவே வந்த குடும்பம். அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி 1974ல் திரும்பியவர், அப்போது பிரதமராக இருந்த சியாங் சிங்-குவோவுக்கு ஆங்கிலச் செயலாளர் ஆனார். 1978 டிசம்பர் 16 அதிகாலை, தைவானுடன் உறவை முறித்துக்கொண்டு பீஜிங்கை அங்கீகரிக்கப் போகிறோம் என்ற செய்தியோடு அமெரிக்கத் தூதர் கதவைத் தட்டினார். அதற்குள் அதிபராகிவிட்டிருந்த சியாங்கை, உறக்கத்திலிருந்து, இரண்டு மணி வாக்கில் எழுப்பியவர் சூங். அந்த இடத்தில் இருக்க வாய்த்தவர்கள் ஓரிருவர்தான். அந்த நெருக்கம்தான் அவருடைய மூலதனம்.

அடுத்த வருஷமே அரசு செய்தித்துறைக்குத் தலைவர் ஆனார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ராணுவச் சட்டம் அமலில் இருந்த காலம். 1979 டிசம்பரில் காவ்சியுங்கில் எதிர்க்கட்சியினர் நடத்திய மனித உரிமைக் கூட்டம் மோதலில் முடிந்து, தலைவர்களை எல்லாம் உள்ளே தள்ளினார்கள். எந்தப் பத்திரிகை வரலாம், எது வரக்கூடாது என்று தீர்மானித்த துறையின் முகம் சூங். 1981ல் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த புள்ளியியல் பேராசிரியர் ஒருவர் ரகசியப் போலீஸ் விசாரணைக்குப் பிறகு பல்கலைக்கழக வளாகத்தில் இறந்து கிடந்தார். வெளிநாட்டு நிபுணர் வந்து செய்ததைப் பிரேதப் பரிசோதனை என்று செய்தியில் எழுதிய ஏபி செய்தி நிறுவன நிருபரின் அனுமதியைச் சூங்கின் துறை ரத்து செய்தது. 'பிரேதப் பரிசோதனை' என்ற ஒரு சொல்லுக்காக.

இதையெல்லாம் விட மக்கள் மனதில் நின்றது மொழி விவகாரம். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மாண்டரின்தான் முதன்மையாக இருக்க வேண்டும், வட்டார மொழிகளை ஆண்டுக்காண்டு குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்று 1976ல் சட்டம் போட்டார்கள். தீவில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது ஹொக்கியன். ஹக்கா பேசுவோர் உண்டு, ஆதிகுடி மொழிகள் உண்டு. ஹொக்கியன் நிகழ்ச்சிகளுக்கு நாளொன்றுக்குக் கொஞ்ச நேரம்தான் ஒதுக்கீடு. அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்திய பொறுப்பு சூங்குக்கு வந்தது.

எங்கள் ஆய்வகத்தில் கருவிகளைப் பழுது பார்க்க ஒரு பெரியவர் வருவார். யுன்லின் கடலோரத்துக்காரர். கைப்பாவைக் கூத்துக்குப் பெயர் போன மாவட்டம் அது. எழுபதுகளில் மதிய நேரத்தில் தொலைக்காட்சியில் ஒரு பாவைக் கூத்துத் தொடர் வந்ததாம். ஹொக்கியன் மொழியில். ஊரில் ஒரே ஒரு வீட்டில்தான் பெட்டி. வாசல் வரைக்கும் கூட்டம் நிற்குமாம். 583 பகுதி ஓடிய அந்தத் தொடரை, உழவர்களும் தொழிலாளர்களும் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிறார்கள் என்று காரணம் சொல்லி நிறுத்தினார்கள். "நிறுத்தியது சூங்" என்றார் பெரியவர், சந்தேகமே இல்லாமல். தொடரை நிறுத்தியது 1974ல். சூங் அந்தத் துறைக்கு வந்தது 1979ல். இதைச் சொன்னேன். கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைக்காமலே, "அந்த ஆபீஸ்தானே?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். தான் செய்ததற்கும் முன்னால் இருந்தவர்கள் செய்ததற்கும் சேர்த்தே சூங் கடைசிவரை வட்டி கட்டினார். நியாயமா என்றால் இல்லை. ஆனால் அதிகாரத்தின் முகமாக இருக்கச் சம்மதித்தவர் முகத்துக்கு வருகிற ஏச்சையும் வாங்கத்தான் வேண்டும்.

ஆச்சரியம் இதற்கு அப்புறம்தான். அதே பெரியவர் 1994ல் சூங்குக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்! ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "எங்கள் ஊருக்கு வந்தார். கடல் தண்ணீர் உள்ளே ஏறுகிற கரையைக் காட்டினோம். அடுத்த வருஷம் கரை உயர்ந்திருந்தது." கூடவே இன்னொன்றும் சொன்னார். சூங் அங்கே பேசியது ஹொக்கியன். உச்சரிப்பு கேவலம், ஆனால் முழு வாக்கியமாகப் பேசினார் என்று சிரித்தார்.

ஒரு நிமிடப் பேச்சு

நடுவில் 1988 இருக்கிறது. அதைத் தாண்டிப் போக முடியாது. ஜனவரி 13ல் சியாங் சிங்-குவோ இறந்தார். துணை அதிபராக இருந்த லீ டெங்-ஹுய் அதிபர் ஆகிவிட்டார். அது சட்டப்படி தானாக நடப்பது. கட்சித் தலைமைதான் சிக்கல். தீவிலேயே பிறந்த, பெரிய கோஷ்டி எதுவும் இல்லாத விவசாயப் பொருளாதார அறிஞர் கையில் கட்சியைக் கொடுக்கப் பெரியவர்களுக்கு மனமில்லை. இறந்தவரின் தந்தையும் முந்திய அதிபருமான சியாங் கை-ஷேக்கின் மனைவி அவசரப்பட வேண்டாம் என்று கடிதம் எழுதினார். (அந்த அம்மாவும் சூங் குடும்பப்பெயர்தான், இவருக்கு உறவில்லை.) ஜனவரி 27 அன்று மத்திய நிலைக்குழு கூடியது. பொருள் நிரலில் தலைமை விஷயமே இல்லை. அப்போது, குழு உறுப்பினர்கூட அல்லாத, துணைப் பொதுச்செயலாளர் என்ற முறையில் ஓரமாக உட்கார்ந்திருந்த சூங் எழுந்தார். ஒவ்வொரு நாள் தாமதமும் கட்சிக்கும் நாட்டுக்கும் கேடு என்று சொல்லி, தீர்மானத்தைக் கொண்டுவராமல் தயங்கிய பிரதமரைக் கடிந்துகொண்டு, வெளியே நடந்துவிட்டார். திகைத்துப்போன கூட்டம் அன்றே லீயைத் தற்காலிகத் தலைவராக ஏற்றது.

இது கொள்கையா, கணக்கா? இரண்டும் இருக்கலாம். லீ ஜெயிக்கப் போகிறார் என்று மோப்பம் பிடித்திருக்கலாம். ஆனால் தவறியிருந்தால் அன்றோடு அவர் கதை முடிந்திருக்கும். மொத்தக் கூட்டத்திலும் ஓட்டுரிமை இல்லாத ஆள் எழுந்து பேசுவதற்குத் தைரியம் வேண்டும். லீ அதை மறக்கவில்லை. 1989ல் கட்சிப் பொதுச்செயலாளர், 1993ல் தைவான் மாகாண ஆளுநராக நியமனம், மறு வருஷம் தேர்தல். ஹுனானில் பிறந்தவருக்குத் தைவான்காரர்கள் ஓட்டுப் போடுவார்களா என்ற கேள்விக்கு, இவர் தைவான் அரிசி தின்று தைவான் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் என்று லீயே மேடைமேடையாகப் போய்ப் பதில் சொன்னார். அப்பா பிள்ளை மாதிரி என்று ஊரே பேசியது.

309 ஊர்

ஆளுநரான சூங் வேறு மனிதர். மாகாணத்தில் 309 நகர, கிராம வட்டங்கள் இருந்தன. ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் போனார். பலவற்றுக்குத் திரும்பத் திரும்பப் போனார். கோட்டு சூட்டைக் கழற்றிவிட்டு ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, மலைக் கிராமத்தில் பாலம் உடைந்த இடத்தில், புயலுக்குப் பிறகு சேற்றில். 1996 ஜூலைக் கடைசியில் ஹெர்ப் புயல் நான்டோ மாவட்ட மலைகளைப் பிய்த்துப்போட்டபோதும் அப்படித்தான். கையில் காசும் இருந்தது. அன்றைய மாகாண அரசின் கீழ் இருந்தவற்றைப் பாருங்கள்: ரயில்வே, புகையிலை மதுபான ஏகபோகம், பெரிய வங்கிகளில் பங்கு. ஊர்த் தலைவர்களின் பெயரை நினைவு வைத்துக்கொண்டு கூப்பிடுவார், கேட்ட பணத்தை ஒதுக்குவார். காசை இறைத்து ஆள் சேர்த்தார் என்று விமர்சகர்கள் சொல்கிறார்கள். மாகாணத்தின் கடன் ஏறியது என்பதும் குற்றச்சாட்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் யுன்லின் பெரியவருக்கு அது கரை.

பணம் போதவில்லை என்று மத்திய அரசோடு வெளிப்படையாகவே சண்டை போட ஆரம்பித்தார். பிரதமர் லியன் சான். அவரே சூங்குக்கு முந்திய ஆளுநர், லீயின் அடுத்த வாரிசு என்று எல்லோராலும் கருதப்பட்டவர். 1996 முதல் துணை அதிபரும் அவரே. பணக்கார வீட்டுப் பிள்ளை, கூட்டத்தில் கை குலுக்கக் கூச்சப்படுகிற ஆள். எதிரே ஊர் ஊராகச் சுற்றுகிற சூங். இது எங்கே போய் முடியும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

1996 டிசம்பர் 23 முதல் 28 வரை தைபெயில் தேசிய வளர்ச்சி மாநாடு நடந்தது. கோமிண்டாங்கும் எதிர்க்கட்சியான ஜனநாயக முற்போக்குக் கட்சியும் சேர்ந்து மாகாணத் தேர்தலை நிறுத்தி வைப்பது, மாகாண அரசைச் சுருக்குவது என்று முடிவெடுத்தன. காரணங்கள் பலமானவை. நாட்டுக்கும் மாகாணத்துக்கும் நிலமும் மக்களும் ஏறக்குறைய ஒன்றுதான். தைபெய், காவ்சியுங் நகரங்களையும் சீனக் கரையை ஒட்டிய சில தீவுகளையும் கழித்தால் மிச்சம் எல்லாம் மாகாணம். மத்திய அமைச்சகம் ஒன்று, அதே வேலைக்கு மாகாணத் துறை ஒன்று. கோப்பு இரண்டு மேசையில் தூங்கும். சீனா முழுவதையும் ஆள்வதாக ஒரு கற்பனை இருந்தவரை தைவானை மாகாணம் என்று வைத்துக்கொள்ளத் தேவை இருந்தது. அந்தக் கற்பனையைக் கைவிட நினைத்தவர்களுக்கு மாகாணம் ஒரு பழைய சுமை. எதிர்க்கட்சி சேர்ந்துகொண்டதன் காரணம் அதுதான்.

இன்னொரு காரணத்தைப் பத்திரிகைகள் வெளிப்படையாகவே எழுதின: யெல்த்சின். 1991ல் ரஷ்யக் குடியரசின் தலைவராக மக்கள் ஓட்டில் ஜெயித்த யெல்த்சின், மேலே சோவியத் அதிபராக இருந்த கோர்பச்சேவைக் காலி செய்தார். ஐந்தில் நான்கு பங்கு மக்கள் வாழும் பகுதியில் ஓட்டு வாங்கி ஜெயித்த ஆளுநர், அதிபருக்கு இணையான இன்னொரு அதிகார மையம். வாரிசு லியனாக இருக்க, இந்த இன்னொரு மையத்தை எந்தத் தலைவர் விட்டுவைப்பார்?

எனக்குச் சிக்கல் இங்கேதான். முடிவு நிர்வாக ரீதியாகச் சரி என்றே நினைக்கிறேன். அந்த நேரத்தில், அந்த வேகத்தில் எடுக்க வைத்தது ஒரு ஆளைப் பற்றிய பயம் என்றும் நினைக்கிறேன். இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்யவில்லை. சூங் ஆதரவாளர்கள் இரண்டாவதை மட்டும் பேசுவார்கள், லீ ஆதரவாளர்கள் முதலாவதை மட்டும். 1996ன் கடைசி நாளில் சூங் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். ஏற்கவில்லை. கொஞ்ச நாள் ஒதுங்கி இருந்தார், அப்புறம் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். 1997 ஜூலையில் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. 1998 டிசம்பரில் பதவிக்காலம் முடியும் வரை, மூடப்போகிற கடைக்கு முதலாளியாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே இருந்தார். அன்றே விலகிப் போயிருந்தால் தியாகி. அடங்கிப் போயிருந்தால் ஏதாவது பதவி கிடைத்திருக்கும். அவர் இரண்டையும் செய்யவில்லை. கட்சிக்குள் இருந்துகொண்டே கட்சித் தலைவரோடு மல்லுக்கு நின்ற அந்த இரண்டு வருஷம் அவரைத் தேசிய அளவில் ஆளாக்கியது, கோமிண்டாங்கில் இனி இடமில்லை என்றும் ஆக்கியது.

ஜொங்சிங் கிராமத்துக்கு ஒருமுறை போயிருக்கிறேன். தைச்சுங்கிலிருந்து பஸ்ஸில் தொட்டுவிடும் தூரம். ஐம்பதுகளில் மாகாண அரசைத் தைபெயிலிருந்து நான்டோவுக்கு மாற்றியபோது, இங்கிலாந்தின் தோட்ட நகர மாதிரியில் கட்டிய அரசுக் குடியிருப்பு. மழைநீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனிக் குழாய் போட்ட முதல் ஊர் தைவானில் அதுதான் என்று பெருமை. பரந்த புல்வெளி, தாழ்வான ஓட்டு வீடுகள், பாதி பூட்டிக் கிடக்கின்றன. ஜன்னல் கம்பியைச் செடி விழுங்கியிருந்தது. ஒரு வீட்டு வாசலில் மட்டும் கீரை போட்டிருந்தார்கள். ஒரு அரசாங்கமே குடியிருந்த இடம் என்று சொன்னால் நம்புவது கடினம். 1999 செப்டம்பர் 21 நிலநடுக்கம் இந்த மாவட்டத்தில்தான் மையம் கொண்டது. 2,400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாகாண அரசைப் பிரித்துப்போட்டு அப்போது ஒன்பது மாதம். நிவாரணம் தடுமாறியபோதெல்லாம் "சூங் இருந்திருந்தால்" என்ற பேச்சு கிளம்பியது.

அடுத்து நடந்தவை வேகமானவை. 1999 நவம்பரில் சுயேச்சையாக அதிபர் தேர்தலில் நிற்பதாக அறிவித்தார். கோமிண்டாங் அவரை நீக்கியது. கருத்துக்கணிப்புகளில் முதலிடம். டிசம்பர் 9ல் கோமிண்டாங் எம்.பி. ஒருவர் ஒரு குண்டைப் போட்டார்: சூங்கின் மகன் பெயரில் ஒரு நிதி நிறுவனத்தில் பத்துக் கோடிக்கும் மேல் தைவான் டாலர். முதலில், மூத்தவர் ஒருவர் பையனுக்குக் கொடுத்தது என்றார் சூங். பிறகு, பொதுச்செயலாளராக இருந்தபோது லீ சொல்லி, சியாங் குடும்பத்தைக் கவனிக்க ஒதுக்கிய கட்சிப் பணம் என்றார். லீ மறுத்தார். பின்னால் அரசு வழக்கறிஞர்கள் வழக்குத் தொடரவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் இரண்டு விதமாகச் சொன்னதே போதுமானதாக இருந்தது. கரை கட்டிக் கொடுத்தவர் என்ற பெயரோடு, கட்சிக் காசை வீட்டில் வைத்தவர் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. என் பார்வையில் அவருக்கு எதிரானவற்றில் கனமானது இதுதான். நாற்காலியைப் பிடுங்கியவர்கள் மேல் பழி போட்டு இதைத் தள்ளிவிட முடியாது.

2000 மார்ச் 18ல் ஜனநாயக முற்போக்குக் கட்சியின் சென் ஷுய்-பியன் 39.30 சதவீதம், சூங் 36.84, லியன் 23.10. வித்தியாசம் மூன்று லட்சத்துச் சொச்சம். ஐம்பது வருஷ ஆட்சி போனது. கோமிண்டாங் தொண்டர்கள் தலைமையகத்தை முற்றுகையிட, லீ கட்சித் தலைமையிலிருந்து விலகினார். 2001 செப்டம்பரில் அவரையும் கட்சி நீக்கியது. லீயின் ஆட்கள் சூங்கை வளர்த்த கடா என்பார்கள், சூங்கின் ஆட்கள் லீயை ஏணியை எட்டி உதைத்தவர் என்பார்கள். ஒருவரையொருவர் தூக்கிவிட்ட இருவரையும் இரண்டே வருஷத்தில் அந்தக் கட்சி வெளியே அனுப்பிவிட்டது.

அதற்குப் பிந்திய சூங்கைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு ஆர்வமில்லை. மக்கள் முதல் கட்சி தொடங்கி 2001ல் 46 இடம் பிடித்தார். 2004ல் லியன் சானுக்கே துணையாக நின்றார்; பிரச்சார மேடையில் மண்டியிட்டு மண்ணை முத்தமிட்டார்; 29,518 வாக்கில் தோற்றார். பின்னால் நின்றதெல்லாம் பெரும்பாலும் கட்சிக்காக. விகிதாசாரப் பட்டியலில் இடம் கிடைக்க 5 சதவீதம் வேண்டும். அதிபர் வேட்பாளர் ஒருவர் மேடையில் நின்றால்தான் சின்னக் கட்சியின் பெயர் செய்தியில் வரும். 2012லும் 2016லும் அந்தக் கணக்குப் பலித்துச் சில இடங்கள் கிடைத்தன. ஜனநாயக முற்போக்குக் கட்சியின் சாய் இங்-வென் அதிபராக இருந்தபோது அவரை இரண்டு முறை ஆசிய-பசிபிக் நாடுகளின் ஏபெக் மாநாட்டுக்குத் தன் தூதராக அனுப்பினார்; ஒரு காலத்தில் அவர் யாரையெல்லாம் வாயடைத்தாரோ அவர்கள் வளர்த்த கட்சியின் அதிபர். 2020ல் கட்சி 3.66 சதவீதத்தில் நின்றுவிட்டது, நாடாளுமன்றத்தில் ஒரு இடமும் இல்லை. 2024ல் சூங் நிற்கவில்லை.